விமானத்துக்கு ஒரு பூசைக்கருத்து

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நேற்று ஞாயிறு பூசையில், இங்கிலாந்திலிருந்து நீங்கள் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிச் சாமியாருக்கு அனுப்பிய கருத்தை உபதேசியார் மைக்கில் வாசித்தார். "மியூசியத்தில் மழையில் நிற்கும் பழைய விமானத்துக்குச் சீக்கிரம் கூரை அமைய வேண்டி." கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்திலிருந்த சோபியா அக்கா, "ஏன்டி, ஒங்க வீடு இன்னும் ஒழுகுதுல்ல?" என்றார். காதில் விழாதது போல முழங்காலிட்டேன்.

அந்த விமானத்தைச் சோதனைக்கு இரண்டு தடவை பறக்கவிட்டு, வேண்டாமென்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒரு பயணியைக்கூட ஏற்றாத அதை லீவு நாளெல்லாம் போய்த் துடைத்துப் பளபளப்பாக்குகிறீர்கள். போட்டோவில் அதன் இறக்கையில் கன்னத்தை வைத்துச் சிரிக்கிறீர்கள். நம் கல்யாண ஆல்பத்தில் அப்படி ஒரு சிரிப்பைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

எனக்கொன்றும் பொறாமையில்லை. வெறும் தகரம்தானே.

மூன்று வருடமாக எங்களுக்கென்று ஒரு பூசைகூட நீங்கள் கேட்டதில்லை. அதனால் அடுத்த ஞாயிறுக்கு நானே ஒரு கருத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். எது காணாமல் போனாலும் நாம் அந்தோனியாரிடம்தானே கேட்போம்? காணாமல் போனது கிடைக்க வேண்டுமென்று எழுதி, காணாமல் போனது எது என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். உபதேசியார் மைக்கில் சத்தமாகத்தான் வாசிப்பார்.

இப்படிக்கு,
ஒழுகும் வீட்டில் இருப்பவள்