ஒரே படகும் அப்பாவும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நலமா? நான் நன்றாக இருக்கிறேன்.

குடிமைப் பணித் தேர்வின் அறநெறித் தாளுக்கு மாதிரித் தேர்வு வைத்தார்கள். அதில் ஒரு கேள்வி: ஊரெல்லாம் வெள்ளம், அதிகாரியான என்னிடம் ஒரே படகு. ஒரு கூரைமேல் அப்பா, இன்னொன்றில் கைக்குழந்தையோடு ஒருத்தி. அவளைத்தான் முதலில் மீட்பேன் என்று எழுதினேன்.

"எழுதிட்டீங்க. நிஜமா அப்பாவை விட்டுட்டுப் போவீங்களா?" என்று ஆசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"படகைக் கொண்டுபோனாலும் அப்பா ஏற மாட்டார் சார். 'அறிவிருக்கா, முதல்ல அந்தப் பொண்ணைப் பாரு'ன்னு திட்டி அனுப்பிடுவார்."

வகுப்பே சிரித்தது. நான் மட்டும் தண்ணீர் குடிக்க வெளியே வந்துவிட்டேன். இந்தத் தாளில் கட்டாயம் தேறிவிடுவேன், கவலைப்படாதீர்கள்.

மேசை துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்