ஆறு மணிச் சாப்பாடும் என் வண்டியின் முறையும்

ஜனவரி 13, திங்கள்

ஐந்தாவது நாளாகப் பனிமூட்டம். வெயிலும் இல்லை, காற்றும் இல்லை; அதனால் மின்சாரமும் குறைவு. எங்கள் பிரீஸ்லாந்துத் தெருவில் பதினாறு வீட்டுக்கும் ஒரே ஒல்லி மின்கம்பி. மின்சார வண்டி எப்போது வேண்டும் என்று எல்லோரும் செயலியில் சொல்ல வேண்டும். அவசரமில்லாதவர் சார்ஜ் ஏற்றும் தன் முறையை விற்கலாம், அவசரக்காரர் வாங்கலாம். நான் மருத்துவச்சி. பிள்ளை எப்போது வரும் என்று எனக்கென்ன தெரியும்? தினமும் ‘உடனே’ என்றுதான் போடுகிறேன்.

ஜனவரி 14

தெருக் கூட்டம். எதிர்வீட்டு ஹார்மென் எல்லார் முன்னாலும் கேட்டார்: “ஏன் மாரித், பிரீஸ்லாந்துல பொறக்குற அத்தன கொழந்தையும் நம்ம வயர் வழியாத்தான் வருதா?”

சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அவர் சொன்னது பொய்யா? நான் முண்டியடிப்பதால்தானே எல்லோருக்கும் விலை ஏறுகிறது.

வீம்புக்கு ‘நாளை இரவு போதும்’ என்று போட்டு, முறையை விற்றுவிட்டேன்.

ஜனவரி 15

புத்தி கெட்டவள் நான். மாலை ஐந்தரைக்கு, நான் பார்த்துவரும் கர்ப்பிணி ரென்ஸ்கேயின் கணவர் போன் — வலி எடுத்துவிட்டது. முந்தைய பிள்ளையை ஒரே மணி நேரத்தில் பெற்றவள். அவள் வீடு பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. என் வண்டியில் நாலு சதவீதம் சார்ஜ். கூட வேலை பார்ப்பவள் வேறொரு பிரசவத்தில்.

‘உடனே’ என்று அழுத்தினேன். விற்க ஆளில்லை. தெருவில் எல்லா வண்டியிலும் சார்ஜ் காலி, எல்லா மின்னடுப்பும் எரியும் நேரம். அவள் தனியாகப் பெறுவதா? வெட்கத்தை விட்டுத் தெருக் குழுவில் எழுதினேன்.

முதல் பதில் ஹார்மெனிடமிருந்து. “எல்லாரும் அடுப்ப அணைங்கப்பா. மாரித் கெளம்பட்டும்.”

ஆறு மணிச் சூடான சாப்பாட்டை இங்கே யாரும் எதற்காகவும் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை. ஏழு சதவீதம். ஒன்பது. பன்னிரண்டில் வயரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஜனவரி 16

பெண். மூன்று கிலோ இருநூறு. நான் கை கழுவி நிமிர்ந்தபோதே தலை தெரிந்தது.

ஜனவரி 17

ஹார்மெனின் மனைவி பௌக்யா சொன்னாள்: “உருளைக்கிழங்கு அரை வேக்காட்டுல நின்னுபோச்சு. மத்தியானமும் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. முப்பத்தோரு வருஷத்துல மனுஷன் முணுமுணுக்காம சாப்ட்டது அன்னைக்குத்தான்.”

ஹார்மென் தலை நிமிராமல், “புள்ள நல்லா பால் குடிக்குதா?” என்று மட்டும் கேட்டார். நன்றி சொல்ல வாய் வரவில்லை. இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன். நன்றி, பதினைந்து வீட்டுக்கும்.

ஜனவரி 20

மூட்டம் விலகவில்லை. தயக்கத்தோடு செயலியைத் திறந்தேன். ‘வண்டி எப்போது வேண்டும்’ என்ற இடத்தில் ஹார்மென் மணி எதுவும் போடவில்லை. ‘மாரித் வண்டி நெறஞ்சப்புறம்’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னும் ஒன்பது வீடுகள் அதையே எழுதியிருந்தன.