இரண்டுக்கு நாலு

பிப்ரவரி 3, ஞாயிறு

மதியம் குவோபியோ கிளப்பின் போக்கர் சீட்டாட்டம், வழக்கம்போல அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக இரண்டு சில்லு வைக்கிற இடத்தில் நான். எதிராளி நாலு என்று தொடங்கினான். விதிப்படி அதற்குக் குறைவாகத் தொடங்க முடியாது. கூட இரண்டு போட்டுச் சேர்ந்தேன், தோற்றேன்.

உடனே யார்மோவின் போன். அணித் தலைவராம். "குப்பைச் சீட்டை வெச்சுக்கிட்டு எதுக்கு உள்ள வர்ற இர்மெலி? ஒழுங்கா சீட்டைக் கவுத்துட்டு விலகப் பழகு. ஸ்டாக்ஹோம் போட்டிக்கு நாலு பேர்தான் போறோம்."

"என் ரெண்டு உள்ள கிடக்கு. விட்டுட்டு ஓடச் சொல்றியா?"

பதினொரு வருஷமாக ஆடுகிறேன். அந்த நாலு பேரில் ஒரு தடவைகூட என் பெயர் வந்ததில்லை. இந்தத் தடவை வேண்டும். ஆனால் அவன் சொன்னதற்காகக் கவிழ்க்க மாட்டேன்.

பிப்ரவரி 5

அவனுடைய நாலு, என் கட்டாய இரண்டு, பக்கத்து ஆளின் கட்டாய ஒன்று என்று நடுவில் ஏழு கிடக்கும்போது இரண்டு போட்டால் போதும். ஐந்தில் ஒரு தடவைக்குச் சற்று மேல் ஜெயித்தாலே நஷ்டமில்லை. இது பிடிவாதமா? இருக்கட்டும்.

பிப்ரவரி 10, ஞாயிறு

யார்மோவே எனக்கு எதிராக நாலு நாலாக வைத்தான். ஐந்தாவது தடவை, "இன்னும் கவுத்துப் பழகலையா?" என்று எழுதினான் — வந்ததே கோபம். ராணியும் மூணும் வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளினேன். அவனிடம் இரண்டு ராஜா. காப்பி ஆறுவதற்குள் வெளியே.

சாயங்காலம் சௌனா நீராவி அறையில் கிளப் தோழி துய்யா விடவில்லை. "கம்மியா வெச்சா உன்னைக் கேலி பண்றான்னு அர்த்தமாடி? பயந்தவனும் கம்மியாத்தான் வைப்பான். நீ ஏன் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்த?"

வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 11

கவிழ்க்கவும் மாட்டேன், கொதிக்கவும் மாட்டேன். இரண்டு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

யார்மோ நாலு. என்னிடம் ஆட்டின் ஏழு, ஆட்டின் நாலு. இரண்டு போட்டேன். நடுவில் பொதுவாக விரித்த மூன்று சீட்டில் ஒரு ஏழு, மற்றவை அதைவிடச் சின்னது. அவன் பந்தயம் வைத்தான், ஈடு கொடுத்தேன். மறுபடி வைத்தான், கொடுத்தேன். கடைசியில் மலைபோலக் குவித்தான். இப்போது விட்டால் அவன் சொன்னதுதான் சரி என்றாகிவிடாதா? கொடுத்தேன்.

அவனிடம் ஏஸும் பத்தும். ஒன்றுமே சேரவில்லை. என் ஜோடி ஏழு ஜெயித்தது.

போனில் கத்தினான். "அந்தச் சீட்டுக்கு எவனாவது வருவானா?"

"நான் வருவேன்."

பிப்ரவரி 20

ஸ்டாக்ஹோம் பட்டியல் இன்னும் வரவில்லை. கேட்கவும் மாட்டேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

மற்றவர்கள் கட்டாய இரண்டு வைக்கும்போதெல்லாம் யார்மோ நாலு என்று தொடங்கினான். என் முறை வந்தபோது ஆறு. தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் துய்யாவுக்கு நாலு, எனக்கு ஆறு. நாலுக்கு நான் ஓட மாட்டேன் என்று அவனுக்கே புரிந்துவிட்டது.

என்னிடம் ஒன்பதும் இரண்டும். ஆறுக்கு அது தாங்காது. நிம்மதியாகக் கவிழ்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் ஒரே வரி அனுப்பியிருந்தான். "ஸ்டாக்ஹோம் கப்பல்ல உனக்கு மேல் படுக்கையா, கீழ்ப் படுக்கையா?"

பத்து நிமிஷம் காக்கவைத்துவிட்டு, கீழ் என்று எழுதினேன்.