பிரிக்காத பொட்டணம்

அக்கா,

காலையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். வாழையிலைப் பொட்டணம் ஒன்று விரலில் பட்டது. வாடிய இலையும் அரளிப்பூவும் கலந்த அந்த வாசம் வந்ததுமே உங்கள்மேல் பழைய கோபம் வந்துவிட்டது. இது உங்கள் பொட்டணம் இல்லை. உங்களுடையதை எங்கே கொண்டுபோய்ப் போட்டீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நம் இருவர் ஓவியங்களையும் சேர்த்துச் சின்னதாக ஒரு கண்காட்சி வைப்பது என்று போத்தனூரில் உங்கள் வீட்டில்தான் முடிவானது. நீங்கள் ரயிலுக்குக் காத்திருக்கும் மனிதர்களை வரைபவர். சென்னை வரைக்கும் பெயர் தெரிந்தவர். நானோ சூலூர்த் தறிக்கூடங்களை நீர்வண்ணத்தில் வரைந்து, பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தவள். கண்காட்சிக்குக் கூடம் பேசியாயிற்று, தேதியும் குறித்தாயிற்று. வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர் யாருக்கு என்பதுதான் இழுத்துக்கொண்டே போனது. சுவர் யாருக்கோ அவர் படம்தான் நோட்டீசிலும் வரும், பத்திரிகைக்கும் போகும் என்று பேசியிருந்தோம்.

“உங்களுக்குத்தானுங்க அக்கா” என்றேன். முறையும் அதுதானே.

“அதெப்படிங்க? சாமிகிட்டப் பூ கேட்டுப்போடலாம்” என்றீர்கள்.

கல்யாணத்துக்குப் பூ கேட்பார்கள், கிணறு வெட்டப் பூ கேட்பார்கள். படம் மாட்டுகிற சுவருக்குப் பூ கேட்டவர்கள் இந்தக் கொங்கு நாட்டிலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வெள்ளை அரளி வந்தால் எனக்கு, சிவப்பு வந்தால் உங்களுக்கு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதற்குள் நீங்களே பூவைத் தனித்தனி இலையில் மடித்துச் சாமி காலடியில் வைத்துவிட்டிருந்தீர்கள். பூக்கார அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. தோற்றவர்கள் அப்படியா சிரிப்பார்கள்?

“அந்த இன்னொண்ணையும் பிரிங்கக்கா, பாக்கலாம்.”

உங்கள் சிரிப்பு நின்றது. “சாமி சொன்னதுக்கப்புறம் என்னங்க அம்மணி?” என்று பொட்டணத்தை எடுத்து உங்கள் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். அதிலும் வெள்ளைதான் இருக்கிறது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். அந்தச் சுவர்மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. இரக்கப்பட்டுக் கொடுத்த சுவராக இருந்துவிடக் கூடாதே என்றுதான் பயந்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எதைச் செய்தாலும் எனக்கு ஒரு கண். நான் உள்ளே வந்தால் போனில் குரலைத் தாழ்த்துவீர்கள். நோட்டீசில் என் பெயர் முதலில் இருந்தது. கேட்டதற்கு, “சுவரு யாருக்கோ அவுங்க பேருதானுங்க முன்னால” என்றீர்கள். சூலூரில் நான் பஸ் ஏறும் இடத்திலேயே அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஊருக்குச் சொல்ல ஒட்டினீர்களா, நான் பார்த்துச் சந்தோஷப்பட ஒட்டினீர்களா? கண்காட்சியன்று நிருபர் ஒருவர் என் தறிக்கூடப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் நகர்ந்ததும் உங்களை ஓரமாக இழுத்துப் போனேன்.

“அவருகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?”

“ஏனுங்க அம்மணி, நல்லாருக்குன்னு ஒருத்தரு சொன்னா, சரிங்கன்னு கேட்டுப்போட்டு இருக்க மாட்டீங்களா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கறது சரியாத்தான் இருக்குது.”

பார்த்தீர்களா, சொல்லி வைக்கவில்லை என்று அப்போதும் நீங்கள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்றும் வெட்கமில்லாமல் கேட்டேன். “அந்தப் பொட்டணத்துல என்ன பூவுங்கக்கா?” மூச்சு வாங்கியபடியே சிரித்தீர்கள். “இருங்க கண்ணு, போய்ச் சாமிகிட்டயே கேட்டுச் சொல்றனுங்க.” நான் அழுதுவிட்டேன். நீங்கள் இல்லாமல் போனதுகூட என்னிடமிருந்து தப்பிக்கத்தானோ என்று சில நாள் கோபமாகக்கூட இருந்தது.

இப்போது சாந்தாமணியோடு சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறேன். என் வயதுக்காரர், சுடுமண் பொம்மைகள் செய்கிறவர். மறுபடியும் அதே சுவர்ப் பேச்சு வந்தது. போன வாரம் அதே பிள்ளையாரிடம் போனோம். இந்த முறை பூவை நான் மடித்தேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, சத்தியமாக. வெள்ளை அவருக்கு. வெள்ளைதான் வந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. சுவர் போனது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

சாந்தாமணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஏனுங்க, அந்த இன்னொரு பொட்டணத்தையும் பிரிங்க பாக்கலாம்.”

பிரித்துக் காட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மனசு வலித்தது அக்கா. வீம்பும் வந்தது. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதைத்தான் இன்று காலையில் மேசைமேல் வைத்துப் பிரித்தேன். நானே மடித்தது, உள்ளே என்ன பூ என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் என் புத்தி விடவில்லை. சிவப்புத்தான் இருந்தது. சுருங்கிக் கறுத்திருந்தாலும் சிவப்பு என்று தெரிந்தது.

மறுபடி மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இனி எங்கே போனாலும் அது என்னோடு வரும். ஒன்று மட்டும் சொல்லுங்கள். தோற்றும் நான் மனசாரச் சிரித்தேன் என்றால், அன்றைக்கு அந்தச் சுவர் நிஜமாகவே எனக்கு வந்ததுதானா? இல்லை, இதையும் அங்கே இருந்துகொண்டு நீங்கள்தான் ஏற்பாடு பண்ணிப்போட்டீர்களா?