ஒரு கரண்டி உறைமோர்

ஜூன் 3, திங்கள்

இனிமேல் கடையில் தயிர் வாங்கக் கூடாதாம். வீட்டிலேயே உறை ஊற்றினால் பாதிச் செலவுதானாம். ஆலை மூடி இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து இவர் கண்டுபிடித்த பொருளாதாரம் இது. இருபது வருடம் தறிகளைப் பழுது பார்த்த மனிதர், இன்று பாலுக்குள் விரல் விட்டுச் சூடு பார்க்கிறார். வேலை தேடச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

ஜூன் 4

உறையவில்லை. எப்படி உறையும்? அரை மணிக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து, பாத்திரத்தை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார். கேட்டால், "பாக்காம எப்படித் தெரியும்?" என்கிறார். மெஷின் புத்தி.

ஜூன் 6

கொழகொழவென்று நூல் விட்டது. இத்தனைக்கும் கம்பளிப் போர்வை சுற்றியிருந்தார் - என் போர்வை. தங்கையிடம் போனில், "பால்கூட இவர் பேச்ச மதிக்க மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தேன். திரும்பினால் பின்னால் நிற்கிறார். அந்தக் கண்றாவி முழுவதையும் தானே குடித்துத் தீர்த்தார். கோபம்கூட வராத ஆளோடு எப்படித்தான் குடும்பம் நடத்துவது?

ஜூன் 9, ஞாயிறு

உறைந்துவிட்டது. பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார், அசையவில்லை. முகத்தில் என்ன பெருமை! ஒரு கிண்ணம் தயிருக்கு.

பயமாக இருக்கிறது. பணத்தை நினைத்து இல்லை. இந்த ஆளை எனக்குப் பிடிக்காமலே போய்விடுமோ என்று.

ஜூன் 10

ஃபிரிட்ஜில் சின்னக் கிண்ணத்தில் இருந்த தயிரை வழித்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன். அடுத்த வேளைக்கான உறைமோராம் அது. எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

சாயங்காலம் வந்தால், "அத மட்டுமாவது விட்டு வெச்சிருக்கலாம்ல" என்றார். பிறகு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவிடம் ஒரு கரண்டி இரவல் கேட்கக் கிளம்பிவிட்டார். வீட்டுக்குள் இருந்த மானத்தை மாடிப்படி இறக்கிவிட்டார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம். கையெல்லாம் எண்ணெய்.

"அவங்க மெஷின் ஓடல. சரி பண்ணிக் குடுத்தேன்."

"கூலி?"

கிண்ணத்தைக் காட்டினார். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜூன் 12

கீழ்வீட்டம்மாவின் சிநேகிதிக்கும் மெஷின் ஓடவில்லையாம். போனார். இந்தத் தடவை கூலி வாங்கியிருக்கிறார்.

ஜூன் 15, சனி

பெரிய தையல் பட்டறையாம். நாற்பது மெஷின். கீழ்வீட்டம்மா சொல்லி இவரை வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையிலேயே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு விடுமுறை.

அடுப்பு மேல் காய்ச்சிய பால், பக்கத்தில் சீட்டு: "கை பொறுக்குற சூட்டுல ஊத்து. உறைமோர் ஃபிரிட்ஜ்ல இருக்கு. தின்னுடாத." கிண்டல். இரண்டு மாதத்தில் முதல் கிண்டல்.

ஊற்றினேன். என் போர்வையையே சுற்றினேன். அதற்கப்புறம் ஜன்னலுக்கும் பாத்திரத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். எடுத்துக்கொள்வார்களா? வயசைக் கேட்பார்களோ? இந்த மனிதருக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேசவும் வராதே.

ஐந்து தரம் மூடியைத் திறந்தேன். இல்லை, ஆறு. பால் பாலாகவே இருக்கிறது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அவர்தான். இரண்டிரண்டு படியாகத் தாண்டி வருகிறார்.

இந்தப் பாத்திரத்தை எங்கே ஒளித்து வைப்பேன்?