முழுகாமல் இருக்கிறாள்

17 ஆகஸ்ட் 2006, வியாழன்

என் வலது கை வீங்கியிருக்கிறது. பேனா சரியாக நிற்கவில்லை. இன்று காலை தங்கை கலாவை அடித்த கை.

துவைக்கப் போட்ட அவள் ஜாக்கெட்டில் பால் கறையை என் மனைவி ஜெயா பார்த்திருக்கிறாள். "நாலு மாசமா தலைக்கு ஊத்திக்கவும் இல்லீங்க. முழுகாம இருக்காளோன்னு பயமா இருக்கு" என்றாள். கல்யாணமாகாத பெண். அதற்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. "எவன்டீ அவன்?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தேன். கதவில் மோதி உதடு கிழிந்தது. விழுந்தவளை உதைத்தேன்.

"சத்தியமா யாரும் இல்லண்ணா" என்றாள். இல்லாத குரல்களைக் கேட்டவள்தானே, அவள் பேச்சை நான் எப்படி நம்புவேன்?

கலைத்துவிடத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். சோதித்துவிட்டு, கர்ப்பமே இல்லை என்றார்கள். அங்கேயே அவளுக்கு வைத்தியம் பார்க்கும் மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். "அவங்க சாப்பிடற மாத்திரையால புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் ஏறிடும். மாதவிலக்கு நிக்கும், பால்கூட வரும். ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வேற மாத்திரைக்கு மாத்தலாம். அதுவரைக்கும் நீங்களா நிறுத்திடாதீங்க." பிறகு அவள் உதட்டைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

மாத்திரையைத் துப்பிவிடுவாள் என்று மூன்று வருஷமாகத் தினமும் அவளை வாய் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் பார்க்கிறவன் நான்தான். இன்று கேட்க வாய் வரவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு அவளே என் முன்னால் வந்து நின்றாள். கிழிந்த உதட்டில் ரத்தம் கசியக் கசிய, வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.