இசைத்தட்டின் கடைசிப் பாட்டு

இஞ்சோன்
19 நவம்பர் 1978, ஞாயிறு

அன்பு மகள் மியோங்ஜாவுக்கு அம்மா எழுதுவது. அங்கே ஜெர்மனியில் பனி தொடங்கியிருக்கும். நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் நின்ற நேரம் போக உட்காரவும் கொஞ்சம் நேரம் கிடைத்து நீ நன்றாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் நான் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். இங்கே உங்கப்பா, நான், நாம்ஹி மூன்று பேரும் உடம்புக்குச் சுகம். உடம்புக்கு என்று ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், மனசுக்கு இரண்டு வாரமாக இந்த வீட்டில் யாருக்கும் சுகமில்லை. பதறாதே, உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. உன் தங்கையைப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்தப் பார்த்தார்கள். நிறுத்தியே தீர வேண்டும் என்று நின்றவர் யாரோ எவரோ இல்லை, பள்ளியின் ஒழுங்கு ஆசிரியர் பாங் தேசிக், அதாவது உன்னைப் பெற்ற அப்பா. முழுக்கப் படி, நடுவில் அழுதுகொண்டு உட்காராதே, கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

எல்லாம் அந்த மா இன்ஹோ பையன் பாடி நடித்த 'எங்கள் சைக்கிள் வசந்தம்' படத்தின் பாட்டுத் தட்டால் வந்தது. காதல் பாட்டு எத்தனை இருந்தாலும் கடைசியில் ஒரு நல்லொழுக்கப் பாட்டை ஒட்டினால்தானே நம் ஊரில் எந்தத் தட்டையும் கடைக்கு விடுவார்கள், அந்த ஒட்டுப் பாட்டைப் பாடத்தான் ஏப்ரலில் நாம்ஹியின் பாட்டுக் குழுவை பஸ் வைத்து சியோலுக்குக் கூட்டிப்போனார்கள், அது உனக்கே தெரியும். தட்டு வந்ததும் தலைமையாசிரியர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேடையேறி, "நம்ம பொண்ணுங்க குரல் இனிமே அந்த சினிமாவோட சேர்ந்து நாடு பூரா கேக்கப்போவுது" என்று மார்தட்டினார். உறையின் பின்பக்கம் பள்ளியின் பெயரே அச்சாகியிருந்தது. அப்புறம் அந்தத் தட்டைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு தடவைகூடப் போட்டுக் காட்டவில்லை, மற்ற பாட்டெல்லாம் காதலாம், பிள்ளைகள் காதில் விழக்கூடாதாம். மார்க்கெட் முனை ரெக்கார்டு கடையிலோ விடிந்தால் அடைந்தால் மா இன்ஹோவின் முனகல்தான், கடைசிப் பாட்டை எவன் போடுவான்? அந்தக் கடை வாசலில் சீருடையோடு நின்றாலே உங்கப்பா பெயரை எழுதிக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷர் ஜூலையில் அதே கடைக்குள் தானே நுழைந்து உனக்காக ஒரு தட்டு வாங்கினார். கடைக்காரன், "என்ன சார், உங்களையும் அந்தப் பையன் மயக்கிட்டானா?" என்று கேட்டானாம், இவர், "வாய மூடிக்கிட்டுப் பொட்டலத்தக் கட்டு" என்றாராம். மாணவி இருக்கும் வீட்டுக்குள் அந்த உறை வரக்கூடாது என்று செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி நேரே தபாலாபீசுக்குக் கொண்டுபோய்விட்டார். நாம்ஹி அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபரில் உன் கடிதம் வந்தது. நர்ஸ் ஹாஸ்டலில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கடைசிப் பாட்டைக் கேட்டதாகவும், அத்தனை குரலுக்கு நடுவிலும் நாம்ஹியின் குரல் உனக்குத் தனியாகக் கேட்டதாகவும், நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அழுததாகவும் எழுதியிருந்தாய் அல்லவா. அந்தக் கடிதம் நாம்ஹியின் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா அங்க உக்காந்து கேட்டுட்டா, பாடின நான் இன்னும் கேக்கலியேம்மா" என்றாள். ஆறிப்போகுது, சாப்பிடு என்று அதட்டினேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவள் முகத்தைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

இந்த மாதம் முதல் வாரம் படம் நம் ஸ்டேஷன் பக்கத்துத் தியேட்டருக்கு வந்தது. பாட்டுக் குழுவில் நாலு பேர், சீருடையைப் பைக்குள் திணித்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாம்ஹி போட்டிருந்தது என் பழுப்பு ஸ்வெட்டர். ஒரு ஆட்டம் முடிந்தும் வெளியே வரவில்லை, அடுத்த ஆட்டத்துக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிகளின் ஒழுங்கு ஆசிரியர்கள் எல்லாம் சேர்ந்து டார்ச்சோடு தியேட்டர் சுற்றும் நாள் அது. உங்கப்பா பிடித்த வெளிச்சம் முதலில் விழுந்தது ஸ்வெட்டர் மேல், அப்புறம்தான் முகத்தின் மேல். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையாம், யாரோ ஒரு பிள்ளையிடம் சொல்வது போல, "எழுந்திரு, வெளிய வா" என்றாராம். சினிமாவுக்குப் போனதுக்கும் சீருடையைக் கழற்றியதுக்கும் சேர்த்து, நாள் குறிக்காமல் பள்ளியிலிருந்து நிறுத்துவது அவர்கள் சட்டம். அந்தக் கறுப்புப் புள்ளி விழுந்தால் எந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. சின்ன வயசிலிருந்து டீச்சர், டீச்சர் என்று சுவரைப் பார்த்துப் பாடம் நடத்திய பிள்ளை.

அவள் வீடு வந்ததும் பிடித்துக்கொண்டேன். எதுக்கடி ரெண்டு ஆட்டம் உட்கார்ந்தாய், அந்தப் பையன் மேல் அவ்வளவு பைத்தியமா என்று நான் கேட்டுக் கேட்டுத் தொண்டை காய்ந்தது, அவள் வாயைத் திறக்கவில்லை. பள்ளியின் பாட்டு வாத்தியார் கோ ஒருநாள் பழக்கூடையோடு வந்து தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். நாம்ஹி மட்டும் அவள் அத்தையோடு வீட்டு அனுமதியில் போனதாக எழுதிவிடலாமாம், தலைமையாசிரியரும் கண்டுகொள்ள மாட்டாராம். எனக்கு உயிர் வந்தது. உங்கப்பா, "மத்த மூணு பேருக்கும் அத்தை இல்லையா?" என்று கேட்டுப் பழக்கூடையை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். நான் அகப்பையைத் தூக்கி அடுப்படியில் எறிந்தேன். பெத்த பொண்ணவிட உங்களுக்கு அந்தச் சட்டம் பெருசா, கல்லாய்யா உங்க நெஞ்சு என்று கத்தினேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் நிதானமாக, "என் பொண்ண விட்டுட்டா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்தவன் பொண்ணக் கேப்பேன்" என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் காலை சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு உறை வைத்தார். மாணவி பாங் நாம்ஹியின் பெற்றோர் பள்ளிக்கு வர வேண்டும் என்று அவரே கையெழுத்துப் போட்டு எனக்கே தருகிறார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

போன திங்கட்கிழமை நல்ல ஹான்போக் உடுத்திக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் அறையில் நாலு அம்மாக்கள், சுவரோரமாகத் தலையைத் தொங்கப் போட்டபடி நாலு பெண்கள். உங்கப்பா முன்பின் தெரியாதவர் போல, "நாம்ஹியோட அம்மா, நீங்க இங்க உக்காருங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் நீங்க என்றது அதுதான் முதல் தடவை. தலைமையாசிரியர், "ஒரு ஆட்டம் பத்தலியா? ரெண்டு ஆட்டம் பாக்கற அளவுக்கு அதுல என்ன இருக்கு?" என்று மேசையைத் தட்டினார். அப்போது நாம்ஹி நிமிர்ந்து, "எங்க பாட்டு வரும்னு உக்காந்திருந்தோம் ஐயா" என்றாள். படத்தோடு சேர்ந்து கேட்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், முதல் ஆட்டத்துக்குத் தாமதமாகப் போனதால் ஆரம்பத்திலேயே வந்து போய்விட்டதோ என்று அடுத்த ஆட்டமும் இருந்தோம், கடைசிவரை வரவில்லை என்றாள். தலைமையாசிரியர் கனைத்துக்கொண்டு, "அது... படத்துல இல்லம்மா, தட்டுல மட்டும்தான்" என்றார். பின்னால் நின்ற பிள்ளை ஒன்று, "தட்டையும் நாங்க கேட்டதில்லையே ஐயா" என்று விசும்பியது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை மியோங்ஜா. எதிரே அலமாரியில், அந்தத் தட்டின் உறையில், மா இன்ஹோ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். எழுந்து நின்று, "பிள்ளைங்க பாக்கக்கூடாதவன்னா அவன் உங்க அலமாரியில எதுக்கு இளிச்சிக்கிட்டு நிக்கிறான்? நாலு பேர் எதிர்காலத்த எடுக்கப்போறீங்க, அதுக்கு முன்னாடி அவங்க பாடினத ஒரு தடவ அவங்க காதுல போடுங்க" என்று சொல்லிவிட்டேன். உங்கப்பா என்னைத் தின்றுவிடுவது போலப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, "அலமாரிச் சாவியக் குடுங்க ஐயா" என்றார்.

பாட்டு வாத்தியார் பிளேயரைக் கொண்டுவந்தார். அவசரத்தில் ஊசியைக் கொஞ்சம் முன்னாலேயே வைத்துவிட்டார், மா இன்ஹோ யாரையோ மறுபடி வா, மறுபடி வா என்று கெஞ்சி முடிக்கும்வரை தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்புறம் 'உழைப்போம் உயர்வோம்' தொடங்கியது. நாலு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தொடக்கமே டிரம்பெட். நாம்ஹியின் முகம் அப்படியே வெளுத்துப்போனது. அவர்கள் பாடியது பியானோவுக்கு மட்டும்தான் மியோங்ஜா, சியோலில் அந்த அறையில் டிரம்பெட்டே கிடையாது. பெரிய பெண்கள் ஒரு கூட்டம், வாத்தியக் கோஷ்டியோடு, நன்றாகவே பாடினார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகள் இல்லை, அவ்வளவுதான். "இது அந்தக் கம்பெனி எல்லாத் தட்டுலயும் ஒட்டுற பழைய டேப்புதான்" என்று பாட்டு வாத்தியார் யாரையும் பார்க்காமல் சொன்னார். உறையில் பெயரைப் போட்டுவிட்டுப் பாட்டைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள், பாவிகள். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே உரசிக்கொண்டே இருந்தது, எழுந்துபோய் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

உங்கப்பாதான் எழுந்துபோய் எடுத்தார். பிறகு அந்த நாலு பெண்களுக்கு முன்னால் போய் நின்று, இடுப்பு வளையக் குனிந்தார். ஒரு ஆசிரியர், மாணவிகளுக்கு! "இல்லாத பாட்டுக்கு உங்கள அனுப்பினது நாங்கதான். மன்னிச்சிருங்க" என்றார். என் பக்கத்தில் இருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிமிர்ந்ததும் பழைய குரல் வந்துவிட்டது. சினிமாவுக்குப் போனது தப்புதான், ஒரு வாரம் முற்றத்தைப் பெருக்கட்டும், நானும் கூடப் பெருக்குகிறேன், இதற்கு மேல் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதானால் ஒட்டுப் பாட்டுக் கதையையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்றார். தலைமையாசிரியர் அவசர அவசரமாகத் தலையாட்டினார். நேற்றுவரை தினமும் காலையில் இவர் கையிலும் ஒரு துடைப்பம்.

நாம்ஹி பள்ளியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் உடைந்தாள், அதுவும் தனக்காக இல்லை. "அக்காவுக்கு எழுதாதம்மா, அவ என் குரல்னு நெனச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கா" என்றாள். எனக்கும் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. நீ பொய் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும் கண்ணு. வீட்டை விட்டு அத்தனை தூரம் போனவளுக்கு எந்தக் குரலும் தங்கை குரலாகக் கேட்கும். உங்கப்பாதான், "எழுது. யாரோ பாடினதுக்கு என் பொண்ணு எதுக்கு அழணும்?" என்றார். சொன்னதோடு நிற்காமல் இங்கிலீஷ் வாத்தியாரிடம் டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கி வந்தார்.

நேற்று குளிர்காலக் கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் உப்பில் கிடந்தது. நாலு பெண்களும் உதவிக்கு வந்தார்கள். முழங்கை வரை மிளகாய் விழுது, அப்படியே நின்று பாடினார்கள், பியானோவும் இல்லை, டிரம்பெட்டும் இல்லை. உங்கப்பா மைக்கை உயிருள்ள மீனைப் பிடிப்பது போலக் கையை நீட்டிப் பிடித்திருந்தார். ரெண்டாவது அடியில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. முதலிலிருந்து எடுப்போம் என்று ஒரே பிடிவாதம், நாம்ஹிதான், "இருக்கட்டும்பா, அக்காவுக்கு அதுவும் வேணும்" என்று தடுத்துவிட்டாள். அலமாரியில் இருந்த அந்த இசைத்தட்டு இப்போது நம் வீட்டில்தான், இனித் தன் கண்ணில் படக்கூடாது என்று தலைமையாசிரியர் கொடுத்துவிட்டார். உறையில் சிரிக்கும் மா இன்ஹோ நாம்ஹியின் மேசைக்கு மேல் தொங்குகிறான், உங்கப்பா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

கேசட்டை நெத்திலிப் பொட்டலத்துக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன், மிளகாய்த் தூளும் கடற்பாசியும் கூட இருக்கிறது, வாடை பிடிக்கும் முன் பிரித்துவிடு. உனக்கான வேலை இதுதான், அன்றைக்கு உன்னோடு அழுத பிள்ளைகளை எல்லாம் மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்து இதைப் போடு. தட்டை வெறுத்துத் தூக்கிப் போடாதே, அந்தப் பெண்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. நீ நூறு வயசு நோயில்லாமல் வாழ வேண்டும், போன இடத்தில் உனக்கு நல்ல மனிதர்களே வாய்க்க வேண்டும். கேட்டுவிட்டு, எது நாம்ஹி குரல் என்று மறுபடி எழுது, அவள் தபால்காரர் வரும் நாளை இப்போதே எண்ணிக்கொண்டிருக்கிறாள். அந்த இருமல் உங்கப்பாவுடையது, அதில் சந்தேகமே வேண்டாம்.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா
ஓக்ரியே